வெடிக்காத மூன்று தோட்டாக்கள்

இதை வாசிக்கும் அன்பரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டிய சுமை உங்களுக்கு இல்லை. அதை எனக்கு நானே என்றோ சொல்லிக்கொண்டுவிட்டேன். நான் காட்டுவதைப் பாருங்கள், நான் எதையாவது மறைக்கிறேனா என்று என்மீது ஒரு கண் வைத்திருங்கள். அது போதும். என்னை முழுவதும் நம்பிவிட வேண்டாம். நன்றாகப் பேசத் தெரிந்தவனை நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

சென்ற மாதம் நான் முன்பு வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஒன்று நடுவேலையில் முறிந்தது. அன்று மாலைக்குள்ளேயே இயந்திரம் பழுதுபார்க்கும் ஓர் இளம் பிட்டரின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. அவன் வேண்டுமென்றே செய்தான் என்றார்கள். என்னிடம் தொழில் பழகிய இரண்டு பேர் வீடு தேடி வந்து, "அண்ணே, நீங்க நாப்பது வருசம் பாத்தவரு. இந்த மாதிரி சந்தேகம் வந்தா நீங்க என்னா செய்வீங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இது அந்தப் பதில்.

எங்கள் பாறைமேட்டுத் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலே, ஒரு மணி நேர நடையில் இருந்தது. ஹட்டனில் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் பேசினேன் என்பதே பொருத்தம். விவாத மன்றத்தில் மூன்று ஆண்டுகள் யாரிடமும் தோற்றதில்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். காலையில் ஒட்டியும் மாலையில் வெட்டியும் பேசி இரண்டிலும் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எதிரணிக்காரரின் வாதத்தில் பலவீனமான ஓர் இழையைக் கண்டுபிடித்து, சபை சிரிக்கும்படி அதைப் பிடித்து இழுப்பது என் தனித்திறமை. ஆனால் தோட்டத் தமிழரில் பலரைப்போல் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாதவனுக்கு எழுதுகோல் வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத் தொழிற்சாலையின் வேலைக்கொட்டகையில் கையாளாகச் சேர்ந்தேன். அரம் பிடிக்கவும், பெல்ட் தைக்கவும், பேரிங்கின் சூட்டைப் புறங்கையால் அறியவும் இரண்டு ஆண்டுகளில் கற்றேன். மாலைகளில் சங்கக் கூட்டங்களில் பேசினேன்.

கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். ஹெட் பிட்டர் சவரிமுத்து. தச்சர் பியதாச. நான்.

சவரிமுத்துவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. ஆனால் அறுபது ஆண்டு ஏமாற்றப்பட்டவரைப் போல உலகத்தைப் பார்ப்பார். யார் கையிலிருந்தும் கருவியை நேராக வாங்கமாட்டார். மேசையில் வைக்கச் சொல்லி, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அலுமாரியைப் பூட்டியபின் கதவிடுக்கில் ஒரு நூலிழையை ஒட்டிவைப்பார். மறுநாள் நூல் அறுந்திருந்தால் அன்று முழுவதும் யாருடனும் பேசமாட்டார். சங்கத்தில் நான் பேசுவது அவருக்குப் பிடிக்காது. என் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "மேடை, அந்த அரத்த எடு." "மேடைக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்லையோ?" இப்படித்தான்.

பியதாச மலைக்குக் கீழே கினிகத்தேனை என்ற சிங்கள ஊர்க்காரர். ஐம்பதை நெருங்கிய சிங்களவர். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தின் கதவு, ஜன்னல், கொழுந்து காயவைக்கும் தட்டு எல்லாம் அவர் கைவேலை. எங்களோடு தமிழில்தான் பேசுவார். என்னை மல்லி என்று தம்பி முறை சொல்லி அழைப்பார். கைவினைஞரை அழைக்கும் வழக்கப்படி நான் அவரை பாஸ் என்பேன்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், பெரிய துரையிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. போரில் அவரோடு போய்வந்தது. கட்டைவிரல் நுழையுமளவு அகன்ற வாயும், கையில் வாங்கினால் மணிக்கட்டைக் கீழே இழுக்கும் பாரமும் கொண்டது. அதற்கு வேண்டிய தோட்டா சீமையிலிருந்து வருவது அருகிப்போனதும், கையால் அடைக்கும் அழுத்துப்பொறி ஒன்றை அவர் வரவழைத்தார். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டையே சுத்தம் செய்து, அடியில், சுத்தி அடித்தால் தீப்பற்றும் புதிய கேப்பைப் பொருத்தி, வெடிமருந்திட்டு, மேலே ஈயக்குண்டை இறுக்கி மீண்டும் தோட்டா ஆக்குவது. வேலை சவரிமுத்துவிடம் வந்தது. அவர் மருந்தை அளந்து போட்டுக் குண்டை இறுக்குவார். கூடுகளைச் சுத்தம் செய்வதும், பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்துவதும் என் பொறுப்பு. அடுக்கிவைக்க ஐம்பது குழிகள் கொண்ட பெட்டியைப் பலாமரத்தில் பியதாச செய்து கொடுத்தார்.

கையால் அடைத்த தோட்டா பழுதானால் அதை ஆராயும் முறையை சவரிமுத்துவிடமிருந்து பார்த்துக் கொண்டேன். அவர் சொல்லித் தந்தாரென்று சொல்ல முடியாது. நான் பார்ப்பதை அவரால் தடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதல் பழுது ஒரு சத்தத்தில் தொடங்கியது. துரை மண்மேட்டில் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார். நான்காவது தடவை, வெடிக்கு மாறாக, போத்தல் மூடியைத் திறந்ததுபோல் ஒரு மெல்லிய ஓசை. துரை அடுத்ததைச் சுட விரலை மடக்கினார். சவரிமுத்து ஓடிப்போய்த் துரையின் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். ஒரு துரையின் கையைத் தொழிலாளி பிடித்ததை நான் அன்றுதான் கண்டேன். துப்பாக்கி வாயை நிலத்துக்குத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக முப்பது வரை எண்ணினார். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதால் அந்த எண்ணிக்கை. பிறகு உருளையைத் திறந்து எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்தார். ஒரு பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டார், பாதியில் நின்றது. குண்டு உள்ளே சிக்கியிருந்தது. அடுத்த தோட்டா அதன்மேல் வெடித்திருந்தால் குழலோடு துரையின் விரல்களும் போயிருக்கும். மருந்து குறைவாக விழுந்த ஒரு கூடுதான் காரணம். அன்றிலிருந்து மருந்திட்ட எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பின்பே குண்டை வைத்தார்.

இன்னொரு தடவை உருளை நடுவில் சுற்றாமல் நின்றது. பெரிய துப்பாக்கியின் உதைப்பில், சரியாக இறுக்காத குண்டுகள் கூட்டிலிருந்து மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, உருளைக்கு வெளியே தலைநீட்டித் தடுத்திருந்தன. கூட்டின் விளிம்பை இன்னும் கொஞ்சம் மடித்து இறுக்கியதும் அது தீர்ந்தது. இரண்டு தடவையும் சவரிமுத்து ஒரே காரியத்தைச் செய்தார். பழுதான தோட்டாவை யாரும் தொடவிடாமல் தனித் தாளில் மடித்து, உருளையின் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று இலக்கமிட்டு, அதன் பிறகுதான் யோசித்தார். ஆனால் அந்த யோசனை எப்போதும் ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: "இத யாரு தொட்டா?"

இப்போது அந்தக் காட்டுப்பன்றி.

ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இரண்டு நாளாக இறங்க மறுத்தார்கள். காயம்பட்ட ஆண் பன்றி ஒன்று மானாப்புல்லுக்குள் படுத்திருந்தது. துரை ரிவால்வரோடு புறப்பட்டார். வழிகாட்டக் கறுப்பையா கங்காணி முன்னே போனார். தோட்டாப் பெட்டியைச் சுமந்து நான் பின்னே போனேன். துரை உருளையை நிரப்பியபோது தோட்டாக்கள் வெயிலில் தங்கம்போல் மின்னின. முந்தைய தொகுதி கறுத்துக் கிடப்பதாக அவர் குறைப்பட்டிருந்தார். இந்தத் தொகுதியைப் பார்த்து அன்று காலை ஆங்கிலத்தில் ஒரு சொல் பாராட்டினார். அந்தச் சொல்லை நான் வழிநெடுக நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பன்றி எங்களுக்கு முன்பாகவே எங்களைக் கண்டுவிட்டது. பத்தடி தூரத்தில் புல் பிளந்தது. துரை விசையை இழுத்தார், டிக் என்றது. மறுபடி இழுத்தார்; டிக். மூன்றாவதும் டிக். அதற்குள் பன்றி கறுப்பையா கங்காணியின் தொடையைக் கிழித்துக்கொண்டு கடந்துவிட்டது. நான்காவது வெடித்து வெறும் மண்ணில் பாய்ந்தது. பன்றி ஓடி மறைந்தது. துரை வெறிபிடித்தவரைப் போல் விசையை இழுத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவதும் ஆறாவதும் வெடித்தன. உருளை சுற்றிவந்து, முதலில் ஊமையாயிருந்த அதே மூன்றும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

அந்தக் கடைசி விவரத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். காதால் எண்ணியவன் நான். சாட்சியாகிய நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

கங்காணியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினோம். அங்கே கட்டுப்போட்டு ஹட்டனுக்கு லொறியில் ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை, கால் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், தொழிலாளரைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பும் முன், துரை எங்கள் மூவரையும் முன்னே வரச்சொன்னார். தோட்டாவை யாரோ கெடுத்திருக்கிறார்கள், ஆளைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் மலைக்குப் போகவேண்டாம் என்று கணக்கப்பிள்ளை எடுத்துச் சொன்னார். நானூறு பேரின் கண்களும் என்மீது விழுந்ததை உணர்ந்தேன். முந்தின வாரம்தான் சங்கக் கூட்டத்தில், துப்பாக்கியைக் கண்டு அஞ்சும் காலம் போய்விட்டது என்று முழங்கியிருந்தேன். தோட்டாப் பெட்டியைச் சுமந்து சென்றவனும் நானே. துரை என்னை நேராகப் பார்த்துப் பேசச் சொன்னார்.

பேசினேன். ஐயா, என்ன பேச்சு பேசினேன்!

என்னைக் காத்துக்கொள்ளும் பேச்சு எடுபடாது என்று விவாத மன்றம் எனக்குக் கற்றுத் தந்திருந்தது. சந்தேகத்தை உதறினால் அது தூசிபோல் நம்மேலேயே திரும்ப விழும். இன்னொருவர்மேல் எடுத்து வைத்தால்தான் போகும். அந்த இன்னொருவர் என் இடப்பக்கம் நின்றார். தோட்டாப் பெட்டி கீல் தளர்ந்து, நிறைத்த தோட்டாக்களோடு இரண்டு நாள் யாரிடம் இருந்தது? பியதாசவிடம். தன் வீட்டுத் தோட்டத்துப் பயிரைப் பன்றி அழிக்கிறதென்று துரையிடம் தோட்டா கேட்டு, ஏச்சு வாங்கித் திரும்பியவர் யார்? பியதாச. பசை காய்ச்சும் தண்ணீர் எப்போதும் கொதிக்கும் இடம் எது? அவருடைய அடுப்பு. மருந்தில் ஈரம் பட்டால் தோட்டா ஊமையாகும் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஒவ்வொரு கேள்விக்கும் குரலை ஒரு படி உயர்த்தினேன். கடைசியில் தாழ்த்தி, "தொடை கிழிந்தது யாருடையது? நம் கறுப்பையா கங்காணியுடையது. கெடுத்த கை யாருடையது? நம்முடையது அல்ல" என்று முடித்தேன்.

நம்முடையது அல்ல என்ற அந்தச் சொல், அந்த ஆண்டுகளில், அந்த மலையில், என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

பியதாச கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. பொறுமையாக, பலகையின் கோணலைச் சுட்டுபவர்போல், "நான் தண்ணி போடல்ல மல்லி. தண்ணி போட்டா ரெண்டாவது அடியிலயும் வெடிக்காதுதானே? மூணும் பொறகு வெடிச்சதுன்னு துரையே சொன்னாரு" என்றார்.

அதுதான் உண்மையின் வாசல். அது எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. இழையைப் பிடித்து இழுத்தேன்.

"பாருங்க! எந்தத் தண்ணிக்கு எத்தனாவது அடியில வெடிக்கும்னு பாஸ் கணக்கெல்லாம் பாத்து வச்சிருக்காரு!"

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு வழக்கு முடிந்தது. பியதாசவை வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் ஹட்டன் பொலிசுக்கு எழுதுவதாகத் துரை சொன்னார். மலைக்குப் பிரிந்து போகும்போது ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள்.

பெட்டியில் நாற்பத்துநான்கு தோட்டாக்கள் மிச்சமிருந்தன. பொலிசிடம் கொடுக்குமுன் அவற்றைச் சோதித்துவைக்கத் துரை உத்தரவிட்டார். அன்று பிற்பகல் சவரிமுத்து கொட்டகைக் கதவைத் தாழிட்டார். ஜன்னலுக்குப் போடும் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, நீர்மட்டம் பார்த்து, அதன்மேல் ஒவ்வொரு தோட்டாவையும் நிமிர்த்தி நிறுத்தி, விரல்நுனியால் மெல்லத் தொட்டார். அடியிலுள்ள கேப்பு கூட்டுக்குள் நன்றாக அமர்ந்திருந்தால் தோட்டா அசையாமல் நிற்கும். ஒரு மயிரிழை வெளியே துருத்தியிருந்தாலும் ஆடும்.

முதலாவது நின்றது. இரண்டாவது ஆடியது. மூன்றாவது ஆடியது. மொத்தத்தில் பதினொன்று ஆடின.

அவர் ஆடியவற்றைத் தனியே வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. கேப்பு அடிவரை இறங்காவிட்டால், துப்பாக்கிச் சுத்தியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும்; இரண்டாவது அடியில்தான் தீப்பற்றும். பியதாச சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஈரமே இல்லை.

ஆனால் கேப்பு ஏன் இறங்கவில்லை? சவரிமுத்து ஒரு தோட்டாவைப் பிடிகருவியில் பற்றி, குண்டைப் பக்குவமாகக் கழற்றி, மருந்தைத் தாளில் கொட்டினார். உலர்ந்து கலகலத்தது. கேப்பை எடுத்துவிட்டு, அது இருந்த பள்ளத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அடியில் செம்மண் நிறத்தில் ஏதோ கல்போல் இறுகிக் கிடந்தது. ஊசியால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

"செங்கத் தூள்" என்றார். "வெளிய இருந்து வந்திருக்கு. எவனோ வேணும்னே திணிச்சிருக்கான்."

நான் அந்தப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது.

சாட்சியே, இப்போது நன்றாகப் பாருங்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மாரியம்மன் திருவிழா வந்தால் வீட்டுப் பித்தளை எல்லாம் வெளியே வரும். புளியைக் கரைத்துச் செங்கல் பொடியோடு பிசைந்து தேய்த்தால், குடமும் விளக்கும் முகம் பார்க்கும்படி மின்னும். துரை தோட்டா கறுத்திருப்பதாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. வெந்நீரிலும் சோடாவிலும் கழுவி, ஒவ்வொரு கூட்டின் பள்ளத்தையும் ஊசியால் சுரண்டவேண்டும் என்பது சவரிமுத்துவின் விதி. அது சலிப்பான வேலை. எவரும் பாராட்டாத வேலை. நான் வீட்டிலிருந்து புளியும் செங்கல் பொடியும் கொண்டுவந்து அந்தத் தொகுதியைத் தேய்த்தேன். அலசி, தேயிலை உலர்த்தும் அடுப்பின் தலையில், எல்லாரும் ஈரத்துணி காயப்போடும் அந்தச் சூட்டில், ஓர் இரவு காயவைத்தேன். பள்ளங்களில் தங்கிய புளிச்சாந்து சுட்ட ஓடாக இறுகிவிட்டது. அதன்மேல் கேப்பை வைத்து அழுத்துப்பொறியின் கைப்பிடியை அழுத்தினேன். கைப்பிடி இறுகி நின்றதும் அடிவரை போய்விட்டதென்று நம்பினேன். அத்தனையும் என் கை. வேறெந்தக் கையும் இல்லை.

சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதையும் இருதடவை பார்க்கும் மனிதர் என்னை ஏன் பார்க்கவில்லை? கேப்பு பொருத்திய கூடுகளைக் கட்டைவிரலால் தடவிச் சரிபார்ப்பது அவருடைய வேலை. அரம் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரலுக்கு மயிரிழை தெரிந்திருக்காது. அவருக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. அந்தக் கூடுகள் ஏன் அப்படி மின்னின என்று அவர் அன்றே யோசித்திருப்பாரா? புளியின் வாசனை அவருக்குத் தெரியாதா? அவர் மனைவியும் விளக்குத் தேய்ப்பவள்தானே?

"பொலிசுக்கு இதக் காட்டினாப் போதும்" என்றார், ஊசியைத் துடைத்துக்கொண்டே. "பெட்டி அவன்கிட்ட ரெண்டு நாள் இருந்திச்சு. நீயே காலையில பெரட்டுல சொல்லிட்ட. புரியுதா, மேடை?"

புரிந்தது. கதவை அவர் ஏன் தாழிட்டார் என்பதும் புரிந்தது. நான் வாயைத் திறக்காமலிருந்தால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசாமலிருப்பதற்கு எனக்கு ஒரு பரிசு காத்திருந்தது.

"அண்ணே, இது புளி" என்றேன்.

"நான் எதையும் நக்கிப் பாக்கல்ல" என்றார் அவர். "நீயும் பாக்கல்ல."

அன்று வீட்டுக்குப் போனேன். என்மீது எனக்கே சந்தேகம் வந்தது. நாளை காலை உண்மையைச் சொல்வேன் என்று நினைத்தேன். நினைத்தவுடனே, அதை எப்படி அழகாகச் சொல்வது என்று மனம் சொற்களை அடுக்கத் தொடங்கியது. தியாகி போலச் சொல்லலாம். கண் கலங்கச் சொல்லலாம். சபை உருகும். அந்த அடுக்கைக் கலைத்தேன்; மறுபடி அடுக்கியது; மறுபடி கலைத்தேன்.

காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கத் தொடங்குமுன் முன்னே போய் நின்றேன். "தோட்டாவ நான்தான் கெடுத்தேன்" என்றேன். "தெரியாம செஞ்சேன். புளியும் செங்கத் தூளும் போட்டுத் தேச்சேன். பள்ளத்துல ஒட்டிக்கிச்சு. பியதாச பாஸ் ஒண்ணும் செய்யல்ல. முந்தாநேத்து நான் பேசினது எல்லாம் பொய்." முந்தாநேற்று இல்லை, நேற்றுத்தான், அந்தச் சிறு திருத்தத்தைக்கூடச் செய்ய எனக்குக் குரல் வரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. நேற்று முதுகில் தட்டியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். என்னைத் துரை விலைக்கு வாங்கிவிட்டார் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. உண்மையைச் சொல்லும்போதும் மனிதன் சந்தேகத்திலிருந்து தப்புவதில்லை என்று அன்று அறிந்தேன்.

துரை நெருங்கி வந்து தன் தோட்டத் தமிழில் கேட்டார்: "நேத்து நல்லா பேசின. இன்னைக்கு என்னா, பேச்சு வரல்ல?"

பிறகு சவரிமுத்துவைக் கூப்பிட்டு, தோட்டாக்களைப் பற்றி நான் சொல்வது உண்மையா என்று விசாரித்தார். சவரிமுத்து வெகுநேரம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "உண்மைங்க. நானும் சரியாப் பாக்கல்ல" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்றும் அது எனக்கு வியப்புத்தான்.

பொலிசுக்கான கடிதம் கிழிக்கப்பட்டது. பியதாச வேலைக்குத் திரும்பலாம் என்றார் துரை. என்னைக் கொட்டகையிலிருந்து நீக்கி, அடுப்புக்கு விறகு பிளக்கப் போட்டார்கள். எட்டு மாதம் பிளந்தேன். ஆஸ்பத்திரியில் கறுப்பையா கங்காணியைப் பார்க்கப் போனபோது அவர் கட்டுப்போட்ட காலைக் காட்டி, "ஏண்டா, கோயில் வெளக்குன்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய நடையில் அந்தக் கோணல் கடைசிவரை இருந்தது. பின்னாளில் மீண்டும் கொட்டகைக்கு வந்து, சவரிமுத்துவுக்குப் பின் நானே ஹெட் பிட்டரானது வேறு கதை.

இங்கே சொல்லவேண்டியது நான் உண்மையைச் சொன்ன அன்று முற்பகலில் நடந்தது. துரையின் சொல்லைக் கேட்டும் பியதாச வேலைக்குத் திரும்பவில்லை. கருவிகளை எடுத்துப்போகத்தான் அவர் அன்று வந்திருந்தார். இழைப்புளியையும் உளிகளையும் ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். நான் கேட்காமலே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். றொசல்ல நிலையம்வரை இறங்கினோம். நான் சந்தேகத்தோடுதான் நடந்தேன்: அடிப்பாரா, ஏசுவாரா, அல்லது மன்னித்துவிட்டேன் என்று சொல்லி என்னை இன்னும் சிறியவனாக்குவாரா?

நிலையம் தெரியும் வளைவில் நின்றார்.

"உண்மைய சொன்னீங்க. சரி. நாலு நூறு பேருக்கு முன்னால சொன்னீங்க. அதுவும் சரி" என்றார். "ஆனா மல்லி, பேச்சு பஸ்ஸில ஏறி எனக்கு முந்தியே கினிகத்தேனைக்குப் போயிட்டுது. நேத்து கடைச்சந்தியில ஆளுங்க என்னைச் சுத்தி நின்னாங்க. ஏச இல்ல. கை குடுக்க. நல்ல வேலை செஞ்சேன்னு சொன்னாங்க. ஒரு தமிழ் ஆளைப் பன்னிக்குக் குடுத்தேன்னு."

அவர் தன் வலக்கையை என் முன்னே விரித்தார்.

"நான் இல்லன்னு சொன்னேன். சிரிச்சாங்க. பயத்துல மறைக்கிறேன்னு நெனக்கிறாங்க. பதினெட்டு வருசம் அந்த லயத்துக்குக் கதவு செஞ்ச கை இது. இந்தக் கைய அவங்க பிடிச்சுக் குலுக்கினாங்க. நீங்க தமிழ்ல சொன்னது தமிழ் ஆளுங்களுக்கு. அங்க யாரு சொல்லுவாங்க?"

எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் தேங்காய் வாங்கவும், பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமானது. அதில் இலக்கணம் இல்லை, அடுக்கு இல்லை, முழக்கம் இல்லை. அந்தச் சந்தியில் நின்று அந்த மொழியில் வாயைத் திறந்தால் நான் யார், எந்த மலையிலிருந்து வந்தவன் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். அந்த நாட்களில் அது சின்ன விஷயமல்ல. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் வா என்று அவர் கேட்கவில்லை. ரயில் வரும் ஓசை பள்ளத்தாக்கில் கேட்டது. பெட்டியை மேடையில் இறக்கி வைத்தேன். அவர் ஏறி, கதவருகே நின்றார். அங்கே நின்ற போர்ட்டரும், டிக்கெட் வாங்கிய நான்கைந்து பேரும் கேட்கும்படி, என் மேடைக்குரல் துளியும் இல்லாத ஒரு குரலில் சொன்னேன்:

"ஞாயித்துக்கெழம கினிகத்தேனைக்கு வர்றேன் பாஸ். அந்தக் கடைச்சந்தியிலயே நிக்கிறேன். ஒங்க கையக் குலுக்கினவங்க அத்தன பேரு முன்னாலயும், ஒங்க பாஷையிலயே, கெடுத்தது நான்தான்னு சொல்றேன். தப்புத் தப்பாத்தான் பேசுவேன். சிரிப்பாங்க. சிரிச்சு முடிஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து சொல்றேன்."